ஜில்லுன்னு இருக்குதா?

எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற பெண்கள் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் முதுகு ஊசியில் வந்து நிற்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அம்மாக்காரி ரேஷன் கடை வரிசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஊசி போட்டதுல இருந்தே இப்படித்தானுங்க" என்பாள். நாள் முழுக்கத் தறிக்குடோனில் நின்றது, தண்ணீர்க் குடம் தூக்கியது, பிள்ளையை ஒரே இடுப்பில் சுமந்தது எதற்கும் பழி கிடையாது. எல்லாப் பழியும் அந்த ஊசியின் தலையில்தான். எனக்கு இந்தப் புலம்பலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊருக்கே முதுகு ஊசியால் வலி என்று ஆகிப்போனதால், எனக்கு நிஜமாகவே ஒன்று நடந்தபோது அதைக் காதில் வாங்க ஆள் இல்லாமல் போயிற்று.

நான் கணபதியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் அந்தக் காரில் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். ஓட்டுகிற அம்மணி பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாலும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், ஏனென்றால் என் வலது கால் அந்த பிரேக்கின் மேல் எப்போதும் இருக்கும். கண் ரோட்டில், வாய் திட்டுவதில், கால் தன் பாட்டுக்கு பிரேக்கில். என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் என் வாயை மறந்திருக்கமாட்டார்கள். காலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நானே அதைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை.

துடியலூர்ப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிரசவம். குழந்தை திரும்பவில்லை, ஆபரேஷன்தான் என்றார்கள். என்னை மேசையில் உட்கார வைத்து முதுகைக் கூனிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு நர்ஸ் முன்னால் நின்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மயக்க டாக்டர் பின்னால் இருந்தார். நான் பார்த்ததெல்லாம் முகமூடிக்கு மேலே ஒரு கண்ணாடியும் இரண்டு கண்ணும்தான். அவர் அந்த நர்சிங் ஹோமைச் சேர்ந்தவர் இல்லை. எங்கள் ஊரில் இப்படி நிறையப் பேர், காலையில் காரை எடுத்தால் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கேஸ் முடிந்ததும் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். என் முதுகில் கை வைத்தபடியே, அடுத்த கேஸுக்கு நேரமாகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி உள்ளே போனது. திடீரென்று வலது காலில், தொடையின் பின்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரல் வரைக்கும், சுரீர் என்று ஒன்று ஓடியது. நான் துள்ளிவிட்டேன்.

"டாக்டர், வலது காலுக்குக் கரண்ட் அடிக்குதுங்க."

"அசையாதீங்கம்மா. முடிஞ்சுது, முடிஞ்சுது."

"இன்னும் அடிக்குதுங்க."

"அப்படித்தான் இருக்கும். சரியாயிரும்."

நர்ஸ் என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். மருந்து உள்ளே இறங்கியது. பிறகு இரண்டு கால்களும் கதகதவென்று ஆகி, என்னுடையவை இல்லை என்பதுபோல் கிடந்தன. அவர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்து முதலில் என் தோளில் வைத்தார். "ஜில்லுன்னு இருக்குதா?" என்றார். இருக்குதுங்க என்றேன். தொடையில் வைத்துக் கேட்டார், வயிற்றில் வைத்துக் கேட்டார், மறுபடி தொடையில் வைத்துக் கேட்டார். இல்லைங்க, இல்லைங்க என்று சொல்லச் சொல்ல அவர் குரலில் ஒரு திருப்தி வந்தது. "நல்லா ஏறியிருக்கு" என்றார். எவ்வளவு அக்கறையாகக் கேட்டார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மரப்பு ஏறியதா என்று அத்தனை தடவை கேட்டார்கள். இறங்கியதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மகள் பிறந்தாள். சாயங்காலம் இடது கால் விழித்துக்கொண்டது. வலது கால் விழிக்கவில்லை. நர்ஸ் வந்து விரலை ஆட்டச் சொன்னாள். ஆட்டினேன். "ஆடுதுல்லக்கா, அப்புறம் என்ன?" என்று போய்விட்டாள். ஆடியது உண்மை. ஆனால் கெண்டைக்காலின் பின்பக்கத்திலிருந்து பாதத்தின் வெளிப்புறம், உள்ளங்கால் எல்லாம் தடித்த சாக்குக்குள் இருப்பதுபோல் இருந்தது. கிள்ளினால் யாரோ பக்கத்து வீட்டில் கதவைத் தட்டுகிற மாதிரித்தான் தெரிந்தது.

தையல் பிரிக்கப் போனபோது பெண் டாக்டரிடம் சொன்னேன். "மரப்பு இன்னும் போகலைங்க டாக்டர். ஊசி போட்டப்பவே காலுக்குக் கரண்ட் அடிச்சுதுங்க."

அவர் தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "வர்றவங்க எல்லாருமே முதுகு ஊசியத்தான் சொல்றீங்க. அதெல்லாம் மனசு. நல்லாச் சாப்பிடுங்க, குனிஞ்சு நிமிந்து வேலை செய்யாதீங்க, இடுப்பு சரியாயிரும்."

நான் இடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை. கால் என்றேன், மரப்பு என்றேன். ஆனால் அவர் நாள் முழுக்க இடுப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். முதுகு ஊசி என்று ஒருத்தி ஆரம்பித்தால் மிச்சத்தை அவரே முடித்துக்கொள்கிறார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் அதைவிட மோசம். "எனக்கும் இப்படித்தானுங்க, எனக்கு இன்னமும் இடுப்பு விண்ணு விண்ணுங்குது" என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்துவிட்டார்கள். கத்தலாம் போல இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு பல்லடத்துக்குப் பக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா சின்ன வயதிலிருந்து காட்டு வேலைக்குப் போனவள், பிறகு கோழிப் பண்ணை வேலை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்பதை யாரும் கேட்காமலே ஊர் பூராவும் சொல்லிவைத்திருந்தவள். நான் வருவதற்கு முன்பே கொல்லையில் அடுப்புக் கூட்டி, அண்டா கழுவி, நொச்சித் தழையும் புளியந் தழையும் ஒடித்துக்கொண்டு வந்து போட்டிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு. தையல் ஆறியதும் அதற்குச் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுவது என்றால் சும்மா இல்லை, சொம்பில் மொண்டு ஓங்கி அடிக்க வேண்டும், அப்போதுதான் இடுப்பு இறுகும் என்பார்கள். எவ்வளவு சூடு தாங்குகிறாளோ அவ்வளவு கெட்டிக்காரி. சுடுகிறது என்று கத்துகிறவளை வருடக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்காவும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். நான் குந்தாணிபோல் பலகையில் உட்கார்ந்திருந்தேன். முதல் சொம்பு இடது பக்கம் விழுந்ததும் அலறிவிட்டேன்.

"சுடுதும்மா! தோலு உரியுது!"

"அடிப்பாவி, வயித்த அறுத்தப்பத் தாங்குனவ, தண்ணிக்கு இந்தக் கத்துக் கத்தறா" என்று அக்கா சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. நான் அழுதால் அவளுக்குத் தாங்காது. "சரி கண்ணு, சரி கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் வந்து நின்றாள். அடுத்த சொம்பை இந்தப் பக்கம் ஊற்றினாள். இடுப்பில் சுட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அங்கிருந்து தொடையில் வழிந்து கெண்டைக்காலுக்கு இறங்கிய தண்ணீர் எனக்குத் தெரியவில்லை. காலை நீட்டச் சொன்னாள். நீட்டினேன். கெண்டைக்காலிலும் குதிகாலிலும் சொம்பு சொம்பாக ஊற்றினாள். நான் ஒரு சத்தமும் போடவில்லை.

"இந்தக் காலு தாங்குது பாருங்க" என்றாள் அம்மா, அக்காவிடம். அந்தக் குரலில் இருந்த பெருமை இப்போதும் என் காதில் இருக்கிறது. "என்ற புள்ள பொறுத்துக்குவா. இடது பக்கந்தான் சூடு ஆகாது. அந்தப் பக்கம் ஊத்துலீங்க."

எனக்கு நோகக்கூடாது என்றுதான் நோகாத பக்கமாகப் பார்த்து ஊற்றினாள். இதற்கு யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சாயங்காலம் கொலுசைப் போட்டுவிடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். கெண்டைக்காலில் தோல் சுருங்கி வழன்று கிடந்தது. நான் அதோடு மத்தியானம் முழுக்க வீட்டுக்குள் நடந்திருக்கிறேன், அந்தக் காலை மடக்கி உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, சொல்லக்கூடாதா?" என்றாள். தெரிந்தால்தானே சொல்வதற்கு என்று நான் எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. புண் ஆறும்வரை தினமும் மருந்து போட்டுக் கட்டினாள், முழங்காலுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு. யாராவது விசாரித்தால், அடுப்பு வேலையில் பட்டுவிட்டது, இப்போது கால் நன்றாகிவிட்டது என்பாள்.

என் வீட்டுக்காரர் லேத்துப் பட்டறையில் வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். புண்ணைப் பார்த்தவர் மறு பேச்சுப் பேசாமல் என்னை அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் வயதானவர். காலில் பஞ்சு வைத்தார், குண்டூசி வைத்தார், நரம்பில் கரண்ட் விட்டுப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தார். பிறகு ஊசி போட்டபோது காலில் ஷாக் மாதிரி ஏதாவது அடித்ததா என்று கேட்டார்.

"அடிச்சுதுங்க."

"அப்பவே சொன்னீங்களா?"

"ரெண்டு தடவை சொன்னனுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். இந்த மருந்து அநேகமாக எல்லோருக்கும் ஒரு கெடுதலும் செய்வதில்லை. நரம்பைக் கொஞ்ச நேரம் தூங்க வைக்கும், பிறகு தானே போய்விடும். ஆனாலும் நரம்புக்கு அது மருந்துதான், தண்ணீர் இல்லை. சரியான அளவில், சரியான இடத்தில், முதுகுத்தண்டைச் சுற்றியிருக்கும் நீரோடு கலந்து பரவினால் நல்லது. முழு வீரியத்தோடு ஒரே இடத்தில் தேங்கினாலும், ஊசி முனை நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது தள்ளினாலும், அந்த நரம்பு கெடலாம். அதனால்தான் கரண்ட் அடிக்கிறது என்று சொன்னால் நிறுத்த வேண்டும், அது நிற்காவிட்டால் ஊசியை எடுத்துவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். இது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

"அப்ப இது ஊசியா, மருந்துங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இப்பச் சொல்ல முடியாதுங்க. ரெண்டும் இருக்கலாம். பிரசவத்துல நரம்பு அழுந்துனாலும் இப்படி ஆகலாம். அன்னைக்கே பார்த்திருந்தா ஏதாச்சும் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் திரும்பி வரும். முழுசா வருமான்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் தெரியாது என்பதைத் தெரியாது என்று சொன்ன ஒரே டாக்டர் அவர்தான்.

கோபமெல்லாம் அந்தக் கண்ணாடிக்காரர் மேல். நர்சிங் ஹோமுக்குப் போய் விசாரித்தேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். "மயக்க டாக்டர் கேஸ் இருந்தா மட்டுந்தானுங்க வருவாரு" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த பெண். என் போன் நம்பரைக் கொடுத்து, அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன். கூப்பிடவில்லை. அவரிடம் சொன்னார்களா என்பதே தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் எத்தனையோ முதுகுகளைப் பார்த்திருப்பார். என் ஊசியால் இதுவரை ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று அவர் எங்காவது சொல்லிக்கொண்டிருக்கலாம். பொய் என்று சொல்ல முடியாது. அவரைப் பொறுத்தவரை நான் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தவள். கேட்டவனுக்குத்தான் பதில் கிடைக்கும். கேட்காதவனுக்கு எல்லோரும் சுகம்.

மகள் பால் மறந்ததும் வேலைக்குத் திரும்பினேன். நடந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் வலது கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடுவரை ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன். கண்ணால் பார்த்தால்தான் கால் எங்கே இருக்கிறது என்று நிச்சயம். கார் ஓட்டும்போது யார் காலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இருந்தாலும் பழகிய வேலை, கால் மறக்காது என்று நினைத்தேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு காலேஜ் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் போன டவுன் பஸ் சட்டென்று ஓரம் கட்டியது. அவள் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். அது புதிதில்லை, எல்லோரும் ஒரு தடவை மிதிப்பார்கள். நான் மிதித்தேன். முழு பலத்தோடு மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தபோது என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு இடி இடித்ததோடு போயிற்று, யாருக்கும் அடி இல்லை. அந்தப் பெண் "சாரிங்க்கா, என்ற தப்புங்க்கா" என்று அழுதாள். அவளுடைய தப்பு இல்லை என்று நான் ஸ்கூல் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. உள்ளே உட்கார்ந்து சிக்னல், ரோட்டுக் குறிகள் எல்லாம் போர்டில் பாடம் எடுக்கச் சொன்னார். இப்போது அதுதான் என் வேலை. சிவப்புச் சாக்பீஸால் முக்கோணம் வரைந்து, இது எச்சரிக்கை என்கிறேன். வெளியே என் காரை வேறு ஒருத்தி எடுத்துக்கொண்டு போவது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. எனக்கு வயிறு எரிகிறது. எரிகிறது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன மாதம் தம்பி மனைவிக்கு ஆபரேஷனில் பையன் பிறந்தான். அவளுக்கு அம்மா இல்லை, அதனால் எங்கள் அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். தண்ணீர் ஊற்றப்போகிறார்கள் என்று தம்பி போனில் சொன்னதும் மகளைத் தூக்கிக்கொண்டு பல்லடம் பஸ் ஏறிவிட்டேன். போய்ச் சேர்ந்தபோது அண்டாவில் தண்ணீர் தளதளத்துக்கொண்டிருந்தது. அதே நொச்சி வாசம்.

பிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தம்பி மனைவியைக் கட்டிலில் உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். முதலில் தோளில், பிறகு இரண்டு தொடை, கெண்டைக்கால், குதிகால், உள்ளங்கால் என்று ஒவ்வொரு இடமாக வைத்தேன்.

"ஜில்லுன்னு இருக்குதா?"

"இருக்குதுங்க அண்ணி."

"இங்க?"

"அய்யோ, இருக்குதுங்க. எடுங்க அண்ணி, கூசுது!"

அவள் காலை உதறிக்கொண்டு சிரித்தாள். இடம் வலம் எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த உதறலைப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது. அம்மா கதவோரம் சொம்போடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி ஆறிப்போகுது" என்று மட்டும் சொன்னாள். ஊற்றும்போது ஒவ்வொரு சொம்பையும் முதலில் தன் கையில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள். கையில் சாய்த்ததில் பாதி கீழேதான் போயிற்று.

எல்லாம் முடிந்து கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மகள் என் மடியில் தூங்கிப்போனாள். அம்மா என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் என் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். முதலாளி, போர்டு, என் காரை இப்போது ஓட்டுகிறவள் கிளட்சைப் போட்டுத் தேய்க்கிற தேய்ப்பு என்று நல்ல கோபத்தில் இருந்தேன். அம்மா எதற்கும் உம் கொட்டவில்லை. தரையில் தண்ணீர் ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, குழந்தை நனைத்துவிட்டாள் போல என்று அவளைத் தூக்கித் தடவினேன். துணி காய்ந்துதான் இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

அம்மா ஒரு ஐஸ் கட்டியை என் வலது உள்ளங்காலில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது. அவள் விரல்களெல்லாம் விறைத்துச் சிவந்திருந்தன. அவள் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா வெச்ச?"

"நீ பேச ஆரம்பிச்சப்பவே வெச்சுப்போட்டேன், கண்ணு."